வெள்ளிக்கிழமை செத்த கோழிகள்

பாளையம்பட்டி
11-11-1944

மதினி அவர்களுக்கு,

வெங்கடம்மாள் எழுதுகிறேன். உங்களுக்கும் உங்கள் தம்பிக்கும் ஐந்து வருஷமாகக் கடிதப் போக்குவரத்து இல்லை. உறையில் என் கையெழுத்தைப் பார்த்ததும் வீட்டில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டதென்று பயந்திருப்பீர்கள். மனிதர்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறோம். கோழிகள்தான் சாகின்றன.

எனக்குப் பதினான்கு உருப்படி இருந்தன. போன வாரம் வெள்ளிக்கிழமை பெரிய சேவல் போயிற்று. இந்த வாரம் வியாழன் சாயங்காலம் இரண்டு பெட்டைகள், நேற்று வெள்ளி மூன்று. எங்கள் சந்தில் தறி போட்டிருக்கும் நாலு வீடுகளிலும் இதே கதைதான். இறக்கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கிறது, தண்ணீர் தண்ணீர் என்று குடிக்கிறது, பச்சையாகக் கழிகிறது, அப்படியே சாய்ந்துவிடுகிறது. தீனி மாறவில்லை. காலையில் கம்பந்தவிடு, சாயங்காலம் ஒரு பிடி சோளம். வேறு எதுவும் போடுவதில்லை.

தெருப் பெரியவர் வேங்கடபதி மாமா, கோடாங்கியைக் கூப்பிட்டுக் குறி கேட்கலாம் என்கிறார். உங்கள் தம்பி தறிக்குழியில் இருந்தபடியே, "எங்கக்காவுக்கு எழுதிக் கேளு. பட்டணத்துல செடி கொடிக்கெல்லாம் பாடம் சொல்றவுக. கோழிக்கும் சேத்துச் சொல்லுவாக" என்றார். கேலியாகத்தான் சொன்னார். நான் நிஜமாகவே எழுதிவிட்டேன்.

கடையில் முட்டை கிடைக்காத காலம் இது. அரிசியும் ரேஷன். இருக்கிற எட்டையாவது காப்பாற்ற வேண்டும்.

வெங்கடம்மாள்


சென்னை
15-11-1944

வெங்கடம்மாளுக்கு,

உன் கடிதம் தெளிவாக இருந்தது. என் மாணவிகள் பலருக்கு இப்படி எழுத வராது.

கோடாங்கியைக் கூப்பிடாதீர்கள். கோழிகள் சாவதற்குக் காற்றும் கருப்பும் காரணமல்ல. நீ எழுதிய குறிகள் எல்லாம், மாகாணம் முழுவதும் இப்போது பரவும் ஒரு தொற்று நோய்க்குப் பொருந்துகின்றன. அதற்கு மருந்தில்லை. பரவாமல் தடுக்கத்தான் முடியும். செத்ததைத் தூரத்தில் கொண்டுபோய் எரித்துவிடு. நோய் கண்டதைத் தனியே கூடையில் கவிழ்த்து வை. மிஞ்சியதையாவது காப்பாற்றலாம் என்று உறவினர் வீட்டுக்கு அனுப்பாதே. எல்லோரும் செய்யும் தவறு அது. கோழியோடு நோயும் அந்த ஊருக்குப் போகும்.

இந்த நோய் தானாக முளைக்காது. வெளியூரிலிருந்து வந்த கோழியோடுதான் ஒரு தெருவுக்குள் நுழையும். அக்டோபர் கடைசியில் உங்கள் சந்துக்கு யார் புதிய கோழி கொண்டுவந்தார்கள் என்று விசாரி. தொடக்கம் அங்கேதான் இருக்கும். எனக்கு இதில் சந்தேகம் இல்லை.

தம்பி எப்படி இருக்கிறான் என்று நீ எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

தங்கம்மாள்


பாளையம்பட்டி
20-11-1944

மதினி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று வெள்ளிக்கிழமை. எனக்கு இன்னும் இரண்டு போயிருந்தன. எங்கள் சந்து ஜோதிலிங்கம் அண்ணன் வீட்டில் அடைகாக்கும் கோழி ஒன்றைத் தவிர எல்லாம் போய்விட்டன. கிணற்றடியில் பெண்கள் கேட்டார்கள் என்று வாசித்துக் காட்டினேன். அதற்குள் வேங்கடபதி மாமாவும் வந்துவிட்டார். "முதல்லருந்து படிம்மா" என்றார். கோடாங்கி வேண்டாம் என்ற இடத்தில் அவருக்கு முகம் கொஞ்சம் சுருங்கியது. மற்றதெல்லாம் பிடித்துவிட்டது. பி.ஏ. படித்தவர்கள் பட்டணத்திலிருந்து எழுதியிருக்கிறார்கள் என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டார்.

வெளியூர்க் கோழி கொண்டுவந்தது யார் என்று கேட்டார். பெயர் வந்தது. செல்லக்கிளி.

நீங்கள் அவளைப் பார்த்திருந்தாலும் நினைவிருக்காது. திருச்சுழிப் பக்கத்துப் பெண். புருஷன் இல்லை. பதினொரு வருஷமாக நம் சந்தில் பாவு வேலைக்கு வருகிறாள். நூலைத் தெருவில் நீட்டிக் கட்டிக் கஞ்சி போட்டுப் பிரஷ் இழுக்க அவளைப் போல் கை யாருக்கும் இல்லை. அந்தக் கூலிதான் அவளுக்குச் சோறு. தீபாவளி கழிந்த வாரம் வீரசோழன் சந்தையிலிருந்து ஒரு ஜோடி வாங்கி வந்தாள். அவற்றை அவள் வெளியே விடுவதில்லை. வேலைக்கு வரும்போது கூடையில் கவிழ்த்துவிட்டு வருவாள். அந்த இரண்டும் குத்துக்கல் மாதிரி இருக்கின்றன. எங்களுடையது மட்டும் சாகிறது.

"தன் கோழிய மூடி வச்சுக்கிட்டு நம்ம கோழிக்குச் சீக்க விட்டிருக்கா" என்று பேச்சு வளர்ந்துவிட்டது. வரும் வெள்ளிக்கிழமை சௌடம்மன் கோயிலுக்கு அவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். எரிகிற சூடத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்யச் சொல்லப் போகிறார்கள்.

உங்கள் தம்பி நன்றாகத்தான் இருக்கிறார். இருமல் மட்டும் இருக்கிறது.

வெங்கடம்மாள்


சென்னை
23-11-1944

வெங்கடம்மாளுக்கு,

இது வெள்ளிக்கிழமைக்குள் வந்து சேராது என்று தெரிந்தே எழுதுகிறேன்.

நான் விசாரிக்கச் சொன்னேன். விசாரணை வைக்கச் சொல்லவில்லை. ஒரு பெண் சந்தையில் கோழி வாங்குவது குற்றமல்ல. நோயை யாரும் மடியில் கட்டிக்கொண்டு வந்து அவிழ்த்துவிட முடியாது. என் கடிதத்தைத் தெருவில் வாசிக்க உனக்கு யார் அனுமதி கொடுத்தார்கள்?

இன்னொன்று. அவளுடைய இரண்டும் நன்றாக இருக்கின்றன என்கிறாய். நோயைக் கொண்டுவந்தவை அவையென்றால் முதலில் அவைதான் செத்திருக்க வேண்டும். இதை நீங்கள் யாரும் யோசிக்கவில்லை. நானும் நேற்று இரண்டாம் முறை படித்தபோதுதான் யோசித்தேன்.

கீழத்தெருவில் தறி இல்லாத வீடுகள் இருக்குமே, அங்கே கோழி செத்ததா? குஞ்சுகள் சாகின்றனவா? ஜோதிலிங்கம் வீட்டு அடைகோழி இன்னும் இருக்கிறதா? இவற்றுக்கு மட்டும் பதில் எழுது.

தங்கம்மாள்


பாளையம்பட்டி
27-11-1944

மதினி அவர்களுக்கு,

அனுமதி என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு வந்த கடிதத்தை நான் படித்தேன். இங்கே கடிதம் என்றால் நாலு பேர் கேட்பார்கள். ரகசியமாக வைக்க வேண்டுமென்றால் நீங்கள்தான் அப்படி எழுதியிருக்க வேண்டும்.

உங்கள் கேள்விகளுக்குப் பதில். கீழத்தெருவில் ஒன்றும் சாகவில்லை. குஞ்சுகள் சாகவில்லை, பருந்துக்குப் பயந்து கூடைக்குள்தான் இருக்கின்றன. அடைகோழி இருக்கிறது.

வெள்ளிக்கிழமை கோயிலில் நடந்ததைச் சொல்கிறேன். வேங்கடபதி மாமா சூடம் ஏற்றி வைத்தார். "இந்தத் தெருக் கோழிக்கு நான் ஒண்ணும் போடலைன்னு சொல்லி இத அமத்து. அதோட விட்டுருவோம்" என்றார். செல்லக்கிளி கையை நீட்டவில்லை. "அப்பிடிச் சொல்ல மாட்டேன்யா. போட்டேன்ல. பதினொரு வருசமாப் போட்டுட்டுத்தான வாரேன்" என்றாள். ஒரே கூச்சல். "அவ வாயாலயே சொல்லிட்டா" என்றார்கள். "தெரிஞ்சுக்கிட்டே கேக்குறீகளே" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு போய்விட்டாள். சூடம் தானாகவே எரிந்து அணைந்தது.

அவளைப் பாவுக்குக் கூப்பிடக் கூடாதென்று நாலு வீட்டுக்கும் கட்டுப்பாடு. மற்றத் தெருக்களுக்கும் சொல்லிவிடுவார்கள். அப்படி ஆனால் அவள் திருச்சுழிக்குத்தான் போக வேண்டும். அங்கே தறி கிடையாது, மழையும் கிடையாது. என்ன செய்வாளோ.

அதிகம் சத்தம் போட்டது உங்கள் தம்பி. நேற்றுச் சாப்பிடும்போது, "எங்கக்கா எழுதுனா எழுதுனதுதான். எங்கப்பாவையும் இப்பிடித்தான், சந்தேகமே இல்லைன்னு மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாக. முகம் தெரியாத ஆளுக நடுவுல போய்ச் சேந்தாரு" என்றார். எழுதலாமா என்று யோசித்தேன். எழுதிவிட்டேன்.

வெங்கடம்மாள்


சென்னை
30-11-1944

வெங்கடம்மாளுக்கு,

எழுதியது நல்லது. அப்பா விஷயத்தில் நான் செய்தது சரியா தவறா என்று எனக்கு இன்றும் தெரியாது. தெரியாது என்பதை அப்போது சொல்லவில்லை. அதுதான் அவனுக்கு ஆறவில்லை என்று நினைக்கிறேன்.

இந்த விஷயத்திலும் நான் அவசரப்பட்டேன். இங்கே கால்நடை வைத்தியர் ஒருவரைப் போய்ப் பார்த்தேன். நீ எழுதியதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். சந்து தாண்டாத நோயை அவர் பார்த்ததில்லையாம். தொற்று என்றால் கீழத்தெரு இந்நேரம் காலியாகியிருக்கும். வெளியே மேய்ந்தது சாகிறது, மூடி வைத்தது பிழைக்கிறது. அப்படியானால் உங்கள் சந்தில் எதையோ தின்கிறது.

செல்லக்கிளி போட்டேன் என்று சொன்னதாக எழுதினாய். எதைப் போட்டாள்? கோயிலில் இருந்த அத்தனை பேரில் ஒருவராவது அதைக் கேட்டீர்களா?

தீனி என்று நீங்கள் நினைப்பதை மட்டும் எழுதாதே. கொட்டுவது, கழுவி ஊற்றுவது, கீழே சிந்துவது, கோழி மூக்கை வைக்கும் எல்லாவற்றையும் எழுது.

தங்கம்மாள்


பாளையம்பட்டி
4-12-1944

மதினி அவர்களுக்கு,

முதலில் ஒரு செய்தி. வியாழக்கிழமை பாவுக்குச் செல்லக்கிளி இல்லை. ஒரு முனையில் உங்கள் தம்பியும் மறுமுனையில் நானுமாக நின்று எப்படியோ முடித்தோம். இழை பல இடத்தில் ஒட்டிக்கொண்டது. மறுநாள் காலையில் எனக்கு இன்னும் இரண்டு கோழிகள் செத்துக் கிடந்தன. அவள் சந்துக்குள் காலே வைக்கவில்லை. "வீட்டுல உக்காந்தே ஏவுறா" என்கிறார் உங்கள் தம்பி. இப்போது என்னிடம் இருப்பது நாலு.

உங்கள் கடிதத்தை இந்தத் தடவை யாருக்கும் வாசிக்கவில்லை. இரண்டு நாள் யோசித்தேன். அரிசி களைந்த தண்ணீர், வெங்காயச் சருகு, தறிக்குழிப் பஞ்சு. பிறகு ஒன்று. எழுதவே வெட்கமாக இருக்கிறது. பாவு முடிந்ததும் பானையில் மிஞ்சும் அடிக்கஞ்சியை வாசலில் கொட்டிவிடுவோம். கோழிகள் ஓடிவந்து தின்னும். கொட்டுவது எப்போதும் செல்லக்கிளிதான், பிரஷைக் கழுவிய கையோடு அதையும் செய்துவிடுவாள். அது எங்கள் கண்ணில் தீனியாகப் பட்டதே இல்லை. வியாழக்கிழமை அவள் இல்லாததால் நானே கொட்டினேன்.

அவள் போட்டேன் என்று சொன்னது இதைத்தான். எங்களுக்கு அது தெரிந்ததுதானே என்று நினைத்திருக்கிறாள். தெரியத்தான் செய்யும்.

கஞ்சியில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். முன்னெல்லாம் அரிசி நொய். ஒரு செம்பு எடுத்து உப்புப் போட்டு அவள் குடிப்பதுகூட உண்டு. ரேஷன் வந்த பிறகு அரிசிக்கு எங்கே போவது? ஐப்பசியிலிருந்து நெசவாளர் சொசைட்டியில் புளியங்கொட்டை மாவு தருகிறார்கள். அதை மனிதர் வாயில் வைக்க முடியாது. நாலு வீட்டுக்கும் எங்கள் அடுப்பில்தான் காய்ச்சுகிறோம். பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க உங்கள் தம்பி கடைசியில் மயில்துத்தம் போட்டு ஒரு கிண்டு கிண்டுவார். சாயம் போட்ட நூல் என்பதால் துத்தத்தின் நிறம் பாவில் தெரியாது. செவ்வாய் நூல் வரும், வியாழன் காலை பாவு.

எழுதிவிட்டுத் திரும்பப் படித்தேன். நான் நினைப்பதுதானா?

வெங்கடம்மாள்


சென்னை
7-12-1944

வெங்கடம்மாளுக்கு,

நீ நினைப்பதுதான். மயில்துத்தம் செம்பிலிருந்து வரும் உப்பு, விஷம். பிள்ளைகள் யாரும் அந்தப் பானை அருகே போக வேண்டாம். அளவாகப் போட்டால் பாவுக்கு நல்லதுதான். அவன் எவ்வளவு போடுகிறான் என்று கேள். சரியாகக் கரையாமல் அடியில் தங்கிவிடும். அந்த அடிதான் கோழிக்குப் போகிறது.

சந்தேகம் இல்லை என்று இனி எழுத மாட்டேன். நீயே பார்த்துக்கொள். நாலு இரும்பு ஆணிகளைச் செங்கல் பொடியால் பளபளவென்று தேய். இரண்டை வெறும் தண்ணீரிலும் இரண்டை அடிக்கஞ்சியிலும் ஒரு மணி நேரம் போட்டு வை. துத்தம் மிகுதியாக இருந்தால் கஞ்சியில் கிடக்கும் ஆணியில் செம்பு படியும். கழுவினாலும் போகாது. படிப்பு இல்லாதவருக்கும் கண் இருக்கிறது.

வியாழன் என்றும் வெள்ளி என்றும் உன் முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தாய். நான் அதைத் தாண்டிப் போய்விட்டேன். பச்சைக் கழிச்சல் என்றதும் எனக்குத் தெரிந்த ஒரு நோய் ஞாபகம் வந்தது. அதோடு நிறுத்திக்கொண்டேன்.

தம்பி சென்னய்யாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. அவனோடு குடித்தனம் செய்பவள் நீ. ஆனால் சொல்லாமல் இருக்க முடியாது. சொல்லாவிட்டால் அந்தப் பெண் ஊரைவிட்டுப் போய்விடுவாள்.

இதனுடன் தனியாக ஒரு தாள் வைத்திருக்கிறேன். அது செல்லக்கிளிக்கு. கோழி கொண்டுவந்தது யார் என்று தேடச் சொன்னது நான், அது தவறு என்று எழுதியிருக்கிறேன். அவளுக்கு மட்டும் வாசித்துக் காட்டு.

தங்கம்மாள்


பாளையம்பட்டி
18-12-1944

மதினி அவர்களுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. நடந்ததெல்லாம் முடிந்த பிறகு எழுதலாம் என்று இருந்தேன். இன்னும் முழுக்க முடியவில்லை.

உங்கள் தம்பியிடம் முன்கூட்டி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வியாழக்கிழமை அவர் துத்தத்தைக் குறைத்திருப்பார். வழக்கம்போல் காய்ச்சினோம். பாவு முடிந்ததும் கஞ்சியைக் கொட்டாமல் ஒரு செம்பில் எடுத்து, இன்னொரு செம்பில் தண்ணீர் வைத்து, வேங்கடபதி மாமாவைக் கூப்பிட்டு அவர் கையாலேயே ஆணிகளைப் போடச் சொன்னேன். நாலு வீட்டாரும் கூடிவிட்டார்கள். "என்னம்மா, குறி கேக்கப் போறியா?" என்று ஜோதிலிங்கம் அண்ணன் சிரித்தார்.

ஒரு மணி நேரம் எல்லோரும் நின்றார்கள். உங்கள் தம்பி பாவைச் சுருட்டுவதுபோல் தூரத்திலேயே இருந்தார். எடுத்துக் கழுவினேன். தண்ணீரில் கிடந்தது வெள்ளை. கஞ்சியில் கிடந்தது புதுச் செம்புபோல் சிவந்திருந்தது. அவரைப் பார்த்துக் கேட்டேன்.

"துத்தம் எம்புட்டுப் போடுவீக?"

"ஒரு கை."

"சொசைட்டியில எம்புட்டுச் சொன்னாக?"

பாவை இன்னொரு சுற்றுச் சுருட்டினார். "சொல்லுங்க" என்றேன்.

"பானைக்கு ஒரு புளியங்கொட்டை அளவு" என்றார். "ஐப்பசி மழையில ஒரு பாவு பூரா பூஞ்சணம் புடிச்சுப் போச்சு. கூடப் போட்டா நல்லதுன்னு போட்டேன்."

"ஆணிக்குச் செம்புச் சட்டை தச்சுட்டியே சென்னய்யா. இதத்தான எங்க கோழிக்கும் ஊத்துன" என்றார் ஜோதிலிங்கம் அண்ணன்.

வேங்கடபதி மாமா, "சரி, தெரியாம நடந்தது. கிளிய வேலைக்கு வரச் சொல்லுங்க" என்று எழுந்துவிட்டார். ஆள் போனது. அவள் வரவில்லை. மூட்டை கட்டிக்கொண்டிருந்தாளாம். "எம்மேல பழி சொன்னப்ப கோயில்ல கூட்டம் போட்டீக. இப்ப ஆள் விட்டுக் கூப்பிட்டாப் போதுமா?" என்று சொல்லியனுப்பினாள்.

அன்று முழுவதும் உங்கள் தம்பி தறியில் உட்காரவில்லை. மறுநாள் அவராகவே மாமாவிடம் போய்க் கூட்டம் போடச் சொன்னார். அதே இடத்தில் சூடம் ஏற்றி, "கிளி மேல குத்தமில்லை. கஞ்சியக் கெடுத்தது நான்" என்று உள்ளங்கையை வைத்து அமர்த்தினார். கொஞ்சம் அதிக நேரம் வைத்துவிட்டார். கொப்புளம் ஆறும்வரை தறியில் நாடாவை ஓட்ட முடியாது. செல்லக்கிளி பின்னால் நின்று பார்த்தாள். சூடம் அணைந்ததும் போய்விட்டாள்.

நேற்று உங்கள் தாளை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். மூட்டை அப்படியே இருந்தது. முழுவதும் வாசித்தேன். கேட்டுவிட்டு, "அவுக மேல எனக்கென்ன? அவுக கோழியப் பத்தி எழுதுனாக. எம் பேரு அவுகளுக்கு எப்பிடித் தெரியும்?" என்றாள்.

மதினி, 'பெயர் வந்தது' என்று உங்களுக்கு எழுதியிருந்தேன். அது தானாக வரவில்லை. கிணற்றடியில் வேங்கடபதி மாமா கேட்டபோது எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டுதான் நின்றார்கள். நான்தான் சொன்னேன். கடிதம் என் பெயருக்கு வந்தது, அதற்கு விடையும் என்னிடம் இருக்கிறது என்ற பெருமையில் சொல்லிவிட்டேன். உங்கள் தம்பியின் கையைப் பிடித்துத் தெருவில் நிறுத்திய நான், இதை உங்களுக்குக்கூட எழுதவில்லை.

அவளிடம் சொன்னேன்.

"தெரியும்" என்றாள். "நீங்களாச் சொல்றீகளான்னு பாத்தேன்."

நான் எழுந்தபோது அவளும் எழுந்தாள். "வியாழக்கெழம வாரேன். ஆனா கஞ்சி காச்சுறதுக்கு முன்னாடியே வந்துருவேன். அடுப்புக்கு எதுக்கயே இருப்பேன். என்ன போடுறீக, எம்புட்டுப் போடுறீகன்னு பாத்துட்டுத்தான் பாவுல கை வைப்பேன். ஒரு நாளைக்கில்ல, எப்பவும். சம்மதம்னா சொல்லுங்க" என்றாள்.

உங்கள் தம்பியிடம் வந்து சொன்னேன். கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே, "சரி" என்றார்.

அடுப்புக்கு எதிரே அவளுக்கு ஒரு பலகை போட்டு வைத்திருக்கிறேன்.

வெங்கடம்மாள்